ஜோடி பிரியாத பற்கள்

பழைய பிக்கப் வண்டியில் பின் ஆக்ஸில் கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டால் ஒரு கோளாறு, காலை எடுத்ததும் ஊளையிட்டால் வேறொரு கோளாறு. வளைவில் திரும்பும்போது மட்டும் கடகடத்தால் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். திருவள்ளூர் பக்கம் காய்கறி ஏற்றும் என் நண்பரின் வண்டி முதல் ரகம். ஜீப் வழியில் வந்த பழைய மகிந்திரா பிக்கப். பிரித்துப் பார்த்ததில் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் பற்கள் பொரிந்திருந்தன. வலப்பக்க ஆக்ஸில் ஷாஃப்டும் தேறாது என்றார் மெக்கானிக். புதுப் பாகம் எங்கும் கிடைக்காததால் நண்பரோடு சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, கூவத்தை ஒட்டிய சந்துகள் அவை. கதவுகள் ஒரு கடை, ரேடியேட்டர்கள் ஒரு கடை, கியர் பாக்ஸ்கள் ஒரு கடை என்று வண்டிகள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆக்ஸில் விற்கும் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னோம். கடைக்காரர் பெயரைக் காதில் வாங்கவே இல்லை.

“பல்லு எத்தனை, பாய்?” என்று நண்பரிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பழைய ஜீப் குடும்பத்தில் கிரவுன் வீலுக்கு 39 பல், அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனுக்கு 8 பல் என்ற கணக்கும் உண்டு. 43-க்கு 8 என்ற கணக்கும் உண்டு. முதலாவதில் பினியன் 4.875 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும், இரண்டாவதில் 5.375 சுற்று வேண்டும். இரண்டாவது பாரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாக ஓட வேண்டும், டீசலும் கூடச் செலவாகும். வெளியே ஹவுசிங் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எந்த ஜோடி என்பதைப் பல்லை எண்ணித்தான் அறிய முடியும்.

நாங்கள் கொண்டுபோன கிரவுன் வீலைத் துணியால் துடைத்து, சுண்ணக்கட்டியால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு ஓரத்தில் பொறித்திருந்த சிறு எண்ணைக் காட்டினார். பினியனின் முகப்பிலும் அதே எண். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு, பற்களை இழைத்து, இணக்கம் வந்த பிறகு இடும் எண் அது. பினியன் நன்றாகத்தானே இருக்கிறது, கிரவுனை மட்டும் வாங்கினால் பாதி செலவில் முடியுமே என்று நண்பர் கேட்டார். கடையில் தனிக் கிரவுன் இருந்தது. அவர் தரவில்லை.

“ஜோடிய பிரிச்சுக் குடுத்தா ஆறே மாசத்துல ரெண்டும் போயிடும். அப்புறம் என் கடையத்தான் திட்டுவீங்க.”

விற்கக்கூடிய பொருளை விற்க மறுத்த அந்த இடத்தில்தான் அவர் மீது எனக்கு மரியாதை வந்தது.

ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தது கடையில் வேலை பார்க்கும் பெரியவர். முதலில் நுனியிலிருக்கும் வரிப்பள்ளங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவை நேராக ஓடாமல் லேசாகச் சாய்ந்திருந்தால், அளவுக்கு மீறிப் பாரம் இழுத்து ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். நேராக இருந்த ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். பிறகு ஈரம் தெரியாமல் துடைத்து, சுண்ணப் பொடி பூசி, சுத்தியலால் மெல்லத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்த கோடு. அந்த ஷாஃப்ட் காயலான் கடைக் குவியலுக்குப் போனது. அடுத்ததில் கோடு வரவில்லை, அதைத் தந்தார்.

பாகத்தின் தரம் வண்டியைப் பிரிக்கும்போதே தொடங்குகிறது. ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த யூ போல்ட்டைக் கேஸ் கட்டிங்கில் அறுத்துவிடலாம், வேலை சட்டென்று முடியும். ஆனால் தீ ஹவுசிங் பக்கம் பட்டால் அது கோணும். ஷாஃப்டில் பட்டால் இரும்பின் உறுதி போகும். அதனால் நல்ல கைகள் டீசல் ஊற்றிக் காத்திருந்து, ஸ்பேனரால் கழற்றுகின்றன. வண்டியைக் கட்டியவரின் நுட்பத்துக்கு இந்தப் பொறுமை கொஞ்சமும் குறைந்ததல்ல.

வண்டிகளை முறைப்படி உடைக்கும் கூடங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. புகை குறைய வேண்டும், கழிவு எண்ணெய் மண்ணிலும் கூவத்திலும் கலக்கக் கூடாது. அந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் ஓடக்கூடிய ஆக்ஸிலையும் தேய்ந்த ஆக்ஸிலையும் ஒரே எடையில் உருக்காலைக்கு அனுப்பினால் நண்பரைப் போன்ற சிறு வண்டிக்காரரின் பிழைப்பும் அதோடு போகும். எதை உருக்க வேண்டும், எதை ஓடவிடலாம் என்று பார்த்துச் சொல்லும் தேர்ச்சி இந்தச் சந்துகளில் இருக்கிறது. புதிய கூடங்களுக்கு ஆள் எடுக்கும்போது அந்தத் தேர்ச்சி உள்ளவர்களை முதலில் கூப்பிட வேண்டும். கையுறை, கண்ணாடி, காப்பீடு, மாதச் சம்பளம் எல்லாம் கொடுத்து, பழகுநர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பையும் அந்தப் பெரியவரைப் போன்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.