பழவேற்காடு: துணிக்காக அடித்துக்கொண்ட துறை

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் மூன்று காரியங்களுக்கு. குளிர்காலமென்றால் பூநாரை பார்க்க. எந்தக் காலமென்றாலும் நண்டும் இறாலும் வாங்க. கேமராவோடு வருகிறவர்கள் நேராக ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கல்லறைக்குப் போகிறார்கள். வாசலின் இருபுறமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் பொன்னேரி சாலையில் ஏறிவிடுகிறார்கள். உள்ளே படுத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து இந்தக் கரைக்கு எதற்காக வந்தார்கள் என்று கேட்பவர் குறைவு. யாராவது கேட்டாலும் ‘மிளகுக்கு’ என்று நம் ஆட்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மிளகு மலையாளக் கரையின் சங்கதி. இங்கே அவர்கள் வந்தது துணிக்கு.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லிக்கொண்டாலும் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டுதான் ஸ்ரீஹரிகோட்டா. விஜயநகரம், ஒல்லாந்தர், இங்கிலீஷ்காரர், செங்கல்பட்டு மாவட்டம், இப்போது திருவள்ளூர் மாவட்டம்: ஆட்சிக் கதை இவ்வளவுதான்.

துணியின் கதை இவ்வளவு சுருக்கமில்லை. கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பு விளைந்தது, பண்டாத் தீவுகளில் ஜாதிக்காய். உலகத்தில் அன்றைக்கு வேறெங்கும் அவை விளையவில்லை. அந்தத் தீவுக்காரர்களுக்கு ஐரோப்பியரின் கம்பளி எதற்கு? அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அதிலும் எந்தத் துணியானாலும் சரி என்று வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு தீவில் போகும் கட்டம் அடுத்த தீவில் போகாது, ஓர் ஊர் சிவப்புக் கேட்டால் இன்னோர் ஊர் நீலம் கேட்கும். இங்கே துணியை வாங்கி அங்கே கொடுத்தால் கிராம்பு, கிராம்பை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் கொள்ளை லாபம். இந்தச் சூத்திரத்தை ஐரோப்பியர் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இந்தக் கரையின் செட்டிகளும் முஸ்லிம் வணிகர்களும் மலாக்கா வரை இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

மலாக்காவைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், 1511இல் பிடித்தார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது, வருகிற துணி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. விஜயநகரத்துக்குக் கிழக்குக் கரையில் முக்கியத் துறையாக இருந்த பழவேற்காட்டில் அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் குடியேறினார்கள். எங்கள் ஊர் மகிமை மாதா கோவிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்வது அந்தக் கணக்கில்தான். அதே காலத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் எங்கள் துறையின் துணியையும், பர்மாவின் பெகுவிலிருந்து இங்கே வந்து குவிந்த மாணிக்கக் கற்களையும் குறித்து வைத்திருக்கிறார். பிறகு பறங்கியர் மயிலாப்பூர்ப் பக்கம், சாந்தோமில் தங்கள் ஊரைக் கட்டிக்கொண்டு அங்கே வலுப்பெற்றார்கள்.

ஒல்லாந்தர் வந்தது நூறாண்டு கழித்து. 1602இல் கம்பெனி தொடங்கியவர்கள், 1605இல் மசூலிப்பட்டினத்தில் இறங்கி, 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் கிடங்கு போட்டார்கள். சாந்தோம்காரர்கள் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? 1612இல் படகேறி வந்து கிடங்கை அடித்து நொறுக்கினார்கள். பதிலுக்கு ஒல்லாந்தர் 1613இல் கோட்டை எழுப்பினார்கள். அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்க்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார். அந்த நாட்களில்தான் ஹென்றிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி, மலுக்கு வியாபாரத்துக்குச் சோழமண்டலக் கரை இடது கை, இந்தத் துணி இல்லாவிட்டால் அந்த வியாபாரம் செத்துப்போகும் என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார்.

இங்கிலீஷ்காரர்களும் விடவில்லை. ஐரோப்பாவில் இரண்டு கம்பெனிகளும் 1619இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1621இல் பழவேற்காட்டுக்கு வந்து ஒல்லாந்தர் நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். செலவில் பங்கு கேட்பது ஒல்லாந்தர், துணியில் பங்கு கிடைக்காதது இங்கிலீஷ்காரர் என்று இரண்டே வருடத்தில் முறிந்துபோயிற்று. 1623இல் மூட்டை கட்டியவர்கள், பிறகு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் இறங்கி, ஆர்மகான் என்று பெயரிட்டுச் சில காலம் தள்ளினார்கள். அங்கே துணியும் சரியில்லை, துறையும் சரியில்லை. அங்கே தலைமையில் இருந்த பிரான்சிஸ் டே 1639இல் தெற்கே வந்து பிடித்த மணல்வெளிதான் மதராசபட்டினம். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்? சென்னை தினம் கொண்டாடுகிறவர்கள் ஒரு வரியிலாவது எங்கள் ஊரைச் சொல்லலாம்.

கோட்டைக்குள் துணி நெய்யவில்லை. இதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தறிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்தன. தீவுகளில் எது விலை போகிறதோ அதன் மாதிரித் துண்டு கப்பலில் வரும். கம்பெனி வணிகரிடம் முன்பணம் கொடுக்கும், வணிகர் நெசவாளரிடம் கொடுப்பார், நெசவாளர் நூலுக்கும் அரிசிக்கும் செலவழிப்பார். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. எங்கள் பக்கத்துக் கட்டத் துணியில் நூலையே முதலில் சாயம் தோய்த்து நெய்வதால் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே கிடையாது. எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். மேலே அச்சடித்த துணியோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். துணி வந்து சேர்ந்ததும் நீளம், அகலம், நூல் நெருக்கம் எல்லாம் பார்த்து, குறை கண்டால் விலையைக் குறைப்பார்கள். முன்பணம் வாங்கியவனுக்கு எதிர்த்துப் பேச வாய் ஏது?

நடுவில் நின்ற வணிகர்களும் லேசுப்பட்டவர்களல்ல. ஒல்லாந்தருக்குத் தரகராகத் தொடங்கிய அச்சுதப்ப செட்டி, 1634இல் இறக்கும்போது இந்தக் கரையின் பெரும்புள்ளிகளில் ஒருவர். தம்பி சின்னண்ண செட்டி அவருக்குப் பிறகு வியாபாரத்தை எடுத்து நடத்தினார். சொந்தக் கப்பல், நிலவரிக் குத்தகை, அரண்மனைகளில் செல்வாக்கு என்று வாழ்ந்த குடும்பம். ஒல்லாந்தக் கல்லறைகளில் அழகழகான எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. இவர்களுக்கு ஊரில் ஒரு தெருப்பெயர்கூடக் கிடையாது.

பெருமை பேசும்போது விட்டுவிடக்கூடாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. இதே துறையிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சம் வந்தால் ஆள் விலை இறங்கும். 1640களின் பஞ்சத்திலும் அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானவர்களை விலைக்கு வாங்கி ஜாவாவின் பத்தேவியாவுக்கும் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். பிடித்துக் கொடுத்ததில் நம் தரகர்களுக்கும் பங்குண்டு. கோட்டையில் வெடிமருந்து செய்து கிழக்கே அனுப்பினார்கள், நாணயமும் அடித்தார்கள். அந்தக் கோட்டையிலேயே 1632 முதல் பத்தாண்டு பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதிய நூல் 1651இல் லெய்டனில் அச்சேறியது. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் வாக்குகள் ஐரோப்பிய மொழியில் முதலில் வந்தது அதில்தான்.

ஒல்லாந்தர் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள், 1781இல் இரண்டையும் இங்கிலீஷ்காரரிடம் இழந்தார்கள், 1825இல் பழவேற்காட்டை ஒரேயடியாக விட்டுக்கொடுத்தார்கள். துணி மட்டும் பெயரோடு பிழைத்துக்கொண்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்துக்குப் பெயர் பெலேக்கட், எங்கள் ஊர்ப்பெயர்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துத் தறிக்காரர்கள் எங்கள் கட்டத்தைப் பார்த்து நெய்த கைக்குட்டையையும் எங்கள் பெயரிலேயே விற்றார்கள்.

ஊருக்குள் அந்தத் துணியில் ஒரு முழம் பார்க்கவேண்டுமானால் வழியில்லை. சோழமண்டலத் துணியைப் பார்க்க லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகவேண்டும். அங்கே கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கல்லறைக்குத் தொல்லியல் துறையின் வேலியும் பலகையும் உண்டு, நல்லதுதான். கோட்டை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சுற்றியிருக்கும் அகழியை வைத்துத்தான் இங்கே கோட்டை இருந்தது என்று அடையாளம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோவிலில் செம்புறைக்கல் சுவரில் விரலளவு உருவங்களாக ராமாயணம் செதுக்கியிருப்பதையும், பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்த்த சூரியக் கடிகாரத்தையும் தேடி வருகிறவர்களை எண்ணிவிடலாம். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிக்கும் கொட்டானுக்கும் சந்தை பிடித்துக் கொடுக்க ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்று எத்தனை காலம்தான் கேட்பது?

ஏரியின் கதை இதைவிட மோசம். முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டால் படகு கடலுக்குப் போகமுடியாது, கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மூன்றும் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று பாடு பிரித்துக்கொண்டு, சண்டையில்லாமல் பிழைக்கும் முறை வைத்திருக்கின்றன. இறாலே வராத ஏரியில் எதைப் பாடு பிரிப்பது? தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தபிறகு வடக்கே கரை அரிக்கிறது என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். காட்டுப்பள்ளியை இன்னும் விரிக்கிறோம் என்று திட்டம் போட்டபோது குப்பம் குப்பமாக எதிர்த்தார்கள். 1612இல் எந்தக் கப்பல் இங்கே நிற்கலாம் என்று சாந்தோமிலிருந்து வந்து முடிவு செய்தார்கள். இன்றைக்கும் முடிவு செய்கிறவர்கள் வெளியிலிருந்துதான் வருகிறார்கள்.

2011 கிறிஸ்துமஸ் நாளில் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். தடை போடுவது சுலபம். உயிர்காக்கும் உடுப்பு, உரிமம் பெற்ற படகு, ஏற்ற வேண்டிய ஆள் கணக்கு என்று ஒழுங்கு செய்து ஊர்ப் பையன்களிடமே அந்த வேலையைக் கொடுத்திருக்கலாம். கோட்டை மேட்டின் கருவேலத்தை வெட்டி, ஒரு சின்ன அறை கட்டி, உள்ளே ஒரு தறியும் நான்கு கட்டத் துணியும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? முகத்துவாரத்து மணலை ஒருமுறை தூர்வாரும் பணத்தில் சொச்சம்கூட ஆகாது. அந்த மணலையாவது மழைக்கு முன்பே எடுத்துத் தொலைக்கலாம்.