வளையம் கிடைக்காத கம்பெனி

ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் ஊர்த் தொழிற்சாலையின் முகப்பில் இப்போது இருப்பது ஆடி கார்களின் நான்கு வளையம். ஆடி, டி.கே.டபிள்யு., ஹார்ஷ், வாண்டரர் என்ற நான்கு பழைய கம்பெனிகளுக்கு ஆளுக்கொன்று. 1969இல் அதே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என்.எஸ்.யு.வுக்கு மட்டும் வளையம் கிடையாது. இந்த ஊரில் பிறந்து, அந்தக் கம்பெனியில் தொழில் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர், பல ஆண்டு கழித்து ஊர் திரும்பியதும் முதலில் தேடியது அந்த மூன்றெழுத்தைத்தான். கேட்டில் இல்லை.

ஊர் செழிப்பாகவே இருக்கிறது. ஷோயர்பெர்க் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் அப்படியே இருக்கின்றன. லிடில் சூப்பர்மார்க்கெட்டுகளின் தலைமையகம் இங்கேதான். ஊர் நடுவிலுள்ள பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் என்.எஸ்.யு. வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1950களின் நடுவில் உலகத்திலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி இந்தச் சின்ன ஊருடையது என்று வெளியாளிடம் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கேட்டில் கிடைக்காத பெயர் கூடப் படித்த நண்பரின் ஷெட்டில் கிடைத்தது. வெள்ளை நிற ரோ 80, 1969 மாடல். தார்ப்பாயை உருவியதும் ஊர் திரும்பியவர் அந்தக் காரை ஒருமுறை சுற்றி வந்தார். மூக்குப் பக்கம் தாழ்ந்து, பின்னால் போகப்போக உயரும் உடம்பு. தூண்கள் மெல்லிசு, எங்கு பார்த்தாலும் கண்ணாடி. குனிந்து கதவுக்கடியில் விரலால் தடவிப் பார்த்தார். இந்தக் கார்களைத் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். விரலில் மெழுகுதான் ஒட்டியது. அதே தெருவில் நின்ற புதுக் கார்களுக்கு நடுவே இதை நிறுத்தினால், விவரம் தெரியாதவர் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்று சொல்ல மாட்டார். கிளாவுஸ் லூதே வரைந்த உருவம் அது. 1982இல் வந்த ஆடி 100ஐப் பார்த்தவர்களுக்கு அதன் தாத்தா யாரென்று புரியும்.

1967இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் இது வந்தபோது மற்ற கம்பெனிக்காரர்கள் வாயடைத்துப் போனதில் வியப்பில்லை. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங். மறு வருஷமே ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது வாங்கியது. பானட்டைத் திறந்தால் எஞ்சினைத் தேட வேண்டும், அவ்வளவு சின்னது. பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக, முக்கோண வடிவச் சுழலி ஒன்று வயிறு பெருத்த அறைக்குள் சுற்றும். ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட வழி இது. இப்படி இரண்டு சுழலி, 995 சி.சி., 115 குதிரைத் திறன்.

வில்லங்கம் அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தது. முனைக்கொரு சீல். அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டிய அந்தச் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. டாக்டர்கள், வக்கீல்கள் ஆசையாக வாங்கி வீட்டுக்கும் ஆபீசுக்குமாகக் குட்டி ஓட்டம் ஓட்டினார்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்தினார்கள். அதற்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. கம்பெனி அதிகம் கேள்வி கேட்காமல் வாரண்டியில் எஞ்சினை மாற்றிக் கொடுத்தது. இரண்டு ரோ 80 எதிரெதிரே வந்தால் ஓட்டுநர்கள் விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம்; வணக்கமல்ல, இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்ற கணக்கு. பிரிட்டனில் பொறுமை இழந்த சிலர் வாங்கெலைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபோர்டு வி-4 எஞ்சினை மாட்டினார்கள். அதை மன்னிக்க நண்பர் இன்றைக்கும் தயாராக இல்லை. சீலின் உலோகத்தை மாற்றிக் குறையைப் பெரிதும் தீர்த்தபிறகும் கெட்ட பெயர் போகவில்லை. 1977இல் தயாரிப்பு நின்றபோது விற்றிருந்தது சுமார் 37,400 கார்.

நண்பரின் கார் பிழைத்த ரகசியம், அதைப் பூட்டி வைக்காததுதான். வாரம் தவறாமல் ஏ-6 நெடுஞ்சாலையில் மூச்சு முட்ட ஓட்டுகிறார். அன்று ஸ்டியரிங்கை வந்தவரிடம் கொடுத்தார். இதில் கிளட்ச் பெடலே கிடையாது. கியர் குமிழைத் தொட்டாலே கிளட்ச் விடுபடும். கனடாவில் பழகிய கை போய்க் குமிழில் ஓய்வெடுக்க, எஞ்சின் வெறுமனே அலறியது. “கையை எடுடா, அது உன் வீட்டுச் சோபாவா?” என்று நண்பர் கத்தினார். அப்புறம் மூன்றாவது கியரில் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்தின் கூரைமேல் நிற்கும் கான்கார்டு விமானம் தெரிந்தது. அதுவும் அறுபதுகள் கண்ட கனவு; அதுவும் எரிபொருளைக் குடித்தே கெட்ட சாதி.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் பழைய வழக்கு எழுந்தது. இந்தக் கார்தான் என்.எஸ்.யு.வை மூழ்கடித்தது என்பது வந்தவரின் கட்சி. நண்பர் ஒப்பவில்லை. கம்பெனி சின்னது, எந்த ஒரு கார் சறுக்கியிருந்தாலும் தாங்கியிருக்காது. உரிமம் வாங்கிய மஸ்டா அதே எஞ்சினோடு மல்லுக்கட்டி 1991இல் லெ மான் பந்தயத்தையே ஜெயிக்கவில்லையா? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

“1975இல் தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்றதும் நாங்கள் ஆயிரக்கணக்கில் ஹைல்புரோனுக்கு நடந்தோம். அப்புறம்தான் போர்ஷ 924 வேலை இங்கே வந்தது, ஊர் பிழைத்தது. நீ அப்போது எங்கே இருந்தாய்?”

“டொராண்டோவில். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள்.”

“என்ன எழுதினாள்?”

“உனக்குச் செருப்பு அறுந்து போச்சு, அப்பாவுடையதைக் கொடுத்தேன் என்று.”

நண்பர் சிரித்துக்கொண்டே டிக்கியிலிருந்து ஆயில் டப்பாவை எடுத்தார். இந்த எஞ்சின் பெட்ரோலோடு ஆயிலையும் குடிக்கும். ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு, காசை வந்தவர் தலையில் கட்டினார்.