மழைத் தண்ணிக் கத்தரிக்காய்

எங்கள் வீட்டு போர் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆம்பூர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. அந்தத் தண்ணியை நம்பி, ரிட்டையர் ஆன கையோடு தோட்டம் போடப் போகிறேன் என்றதும், "முதல்ல ஷுகர் மாத்திரையை ஒழுங்கா போடுங்க" என்றாள் என் மனைவி.

விதை, அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியிலிருந்து வந்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரி. பறிப்பவன் கையில் ரத்தம் பார்க்காமல் விடாது! புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசிக் கடைசியில் எட்டுச் செடி நட்டேன். மழை நின்றதும் போர் தண்ணி விட்டேன். ஒரே வாரம்தான். மண்மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்புப் பூத்து, இலை ஓரமெல்லாம் கருகி, மூன்று செடி போயே போச்சு.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எண்பத்து நாலு வயசு. பேசாததற்குக் காரணம் உண்டு. பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. எண்பதுகளில் தோல் ஷாப்புக் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணி காப்பி நிறமாச்சு. அப்பா போட்ட கடைசிக் கத்தரி கசந்தது. அன்றைக்குக் குழம்பைச் சட்டியோடு கொட்டிய அம்மா, அப்புறம் இந்த ஊர் மண்ணில் விளைந்த எதையும் வாயில் வைக்கவில்லை. சந்தைக் காய்தான். (அது எந்த மண்ணோ, யார் கண்டது!)

1991-ல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல், கெடுத்தவரே ஈடு கட்டணும் என்று தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் அதே கோர்ட், நஷ்ட ஈட்டைக் கொடுங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அப்பா முதல் தீர்ப்பையே பார்க்கவில்லை. யாரைத் திட்டுவது? நிலம் போன பிறகு, தம்பி ஷூ கம்பெனியில் வாங்கிய சம்பளத்தில்தானே தங்கை கல்யாணம் நடந்தது!

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டிய தொட்டி ஒன்று கொல்லையில் இருக்கிறது. மிச்சமிருந்த ஐந்து செடிக்கும் அதிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். மார்கழிப் பனியில் இலைக்கடியில் அசுவினி அப்பிக்கொண்டது. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். வீடே நாறுகிறது என்று இரண்டு நாள் எனக்குக் காப்பி கட்.

பொங்கலன்று ஏழு காய். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தோம். அம்மாவுக்கு வழக்கம்போலச் சந்தைக் காயில் தனிப் பொரியல். அவள் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தண்ணிடா ஊத்துனே?"

"மழைத் தண்ணிம்மா."

"கசக்குதா?"

"இல்லம்மா."

ஒன்று வைக்கச் சொன்னாள். பாதி பிட்டு வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றாள். நானும் என் மனைவியும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி அவள் முகத்தையே பார்த்தோம்.

"உப்பு கம்மிடா" என்றாள் அம்மா. "இன்னொண்ணு வையி."