நான் அடைத்த வால்வு

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன். கம்பெனியிலிருந்து துணி எடுத்து வந்து ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். அது தெரிந்துதான் வீடு கொடுத்தேன். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, அட்வான்ஸும் வாய்ப்பேச்சும்தான்.

மெஷினில் பழைய கிளட்ச் மோட்டார். மிதிக்காவிட்டாலும் உறுமிக்கொண்டே இருக்கும். இரவு பதினோரு மணிக்கு ஊசி ஓடத் தொடங்கினால் அதிர்வு தளம் வழியே சுவரில் இறங்கி என் கட்டில் காலில் ஏறும். தலைமாட்டில் டம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. என் வேதனை உண்மையானது.

படிக்கட்டின் அடியில் நின்று இரண்டு முறை சத்தம் போட்டேன். மேலே ஏறிப் போய் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு டேங்கிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பையன் தெருக்குழாயிலிருந்து ஒரு குடத்தை இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் சிந்தியது. சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

அன்று மதியமே வக்கீல் நண்பரிடம் போனேன். காலி செய்ய வைக்க வழி கேட்கத்தான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வால்வு விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கேஸ் போட வேண்டியது நீங்க இல்லைங்க, அவங்க.”

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, என்ன சண்டை இருந்தாலும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்வதும் அதே சட்டம்தான். தொல்லைக்காகக் காலி செய்யச் சொல்வதானால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் வழக்கு. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலி வரம்பு 45 டெசிபல். அதைவிடப் பத்து டெசிபல் கூடினால் புகார் கொடுக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டு விதிகள். என் அறையில் கைபேசியை வைத்து அளந்து பார்த்தேன், 43 காட்டியது. என்னை வதைத்தது காதுக்கு வந்த சத்தத்தைவிடத் தளத்தின் நடுக்கம்தான்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலிருந்தும் ஒன்றைச் சொன்னார். வாடகையை ஒழுங்காகக் கொடுத்து வருபவர் இடையூறில்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்று உரிமையாளர் வாக்குக் கொடுத்ததாகவே அதன் 108-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அந்த வாக்கு உண்டு. நிம்மதி எனக்கு மட்டும் உரியது என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன்.

வால்வைத் திறந்துவிட்டு முதல்முறையாக அவர்கள் கதவைத் தட்டினேன். மெஷின் அறையின் நட்ட நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. தளம் அதிகம் அதிர்வது நடுவில்தான். மெஷினைச் சுவர் மூலைக்கு நகர்த்திக் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் துண்டுகள் வைத்தோம். மிதிக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டாருக்கு நான் பாதிப் பணம் கொடுத்தேன். நடுக்கம் முழுதாகப் போகவில்லை, தூங்கும் அளவுக்குக் குறைந்தது.

“மேல வந்து ஒருக்கா பாத்திருந்தீங்கன்னா அன்னைக்கே நகர்த்தியிருப்போமுங்கண்ணா” என்றார் அந்தம்மா.

அடுத்த வாரம் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். இரவு பத்துக்கு மேல் மெஷின் ஓடாது என்று அவரே சொல்லி எழுதச் சொன்னார். பிறகு கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “தண்ணி நிறுத்த மாட்டோம்னு ஒரு வரி சேத்துக்கலாங்களாண்ணா?”

பேனாவை வாங்கி அந்த வரியை நானே எழுதினேன். என் கை நடுங்கியது.