விண்டோஸ் 11 க்கு மாறலாமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, விண்டோஸ் 11 க்கு மாறலாமா என்பதுதான். நான் கணினி நிபுணன் அல்லன். ஆயினும் ஈய எழுத்துக்கள் போய்க் கணினி வந்த காலத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எனது கருத்துக்களைப் பதிவு செய்கிறேன்.

ஒரு புதிய இயங்குதளம் நமது தமிழுக்கு என்ன செய்தது என்பதே எனது முதல் அளவுகோல். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்குத் தமிழ் தெரியாது. பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு சமாளித்தோம். கணினியைப் பொறுத்தவரை நாம் தட்டியவை ஆங்கில எழுத்துக்களே. அவற்றுக்கு எழுத்துரு தமிழ் வடிவம் கொடுத்தது, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000, லதா எழுத்துருவையும் யூனிகோட் தமிழையும் கொண்டுவந்தது. 2001இல் வந்த எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அதிலும் இறுவட்டைப் போட்டுத் தனியாக நிறுவினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். 2007இல் வெளிவந்த விஸ்டாவை உலகமே திட்டியது. ஆனால், எதையும் தனியாக நிறுவாமல் தமிழை வாசிக்கும் வசதி விஸ்டாவிலேதான் கிடைத்தது. அந்த வகையில் விஸ்டாவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

விண்டோஸ் 11 இல் அத்தகைய பெரிய இலாபம் எதுவும் தமிழுக்கு இல்லை. விண்டோஸ் 10 இலேயே தமிழ் நன்றாக இயங்கியது. இப்போது மாறுவதற்கான காரணம் பாதுகாப்பு ஒன்றுதான். அது சிறிய காரணமும் அன்று. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல் பிரித்தானிய மருத்துவமனைகளையே முடக்கியது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே அகப்பட்டுக்கொண்டன. ஆகவே, வங்கிக் கணக்கைக் கணினியில் கையாள்பவர்கள் ஆதரவற்ற இயங்குதளத்தில் தொடர்வது நல்லதன்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11 க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் இருந்தால் மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017இன் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலியும் வேண்டும். 2016இல் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்குத் தகுதியில்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர், புதுக் கணினி வாங்குவது இலங்கையில் இலேசான காரியமல்ல. நல்ல நிலையிலுள்ள ஒரு பொருளை வீசச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தகுதியுள்ள கணினி வைத்திருப்போர் தயங்காமல் மாறலாம், கட்டணம் இல்லை. ஏனையோருக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் வழியை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதற்கும் அப்பால் அதே கணினியைப் பாவிக்க விரும்புவோர் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவலாம். தமிழ் எழுதுவதற்கும் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும்.

எப்படி மாறினாலும், அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊர் வரலாறு, கோயில் மலர், நினைவு மலர், மறைந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் எனப் பல ஆக்கங்கள் இன்னும் பாமினியில், பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரியும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துக் குப்பை என்று அழித்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் கோப்புகளை வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். எழுத்துருவையும் உடன் சேர்த்து வையுங்கள். பின்னர் பொங்குதமிழ் போன்ற எழுத்துருமாற்றி ஒன்றின் மூலம் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பும் என்பதால், மாற்றியதை ஒருமுறை ஒப்புநோக்குவது அவசியம். பேஜ்மேக்கரில் பக்கமாக்கியவற்றை, அம்மென்பொருள் ஓடும் பழைய கணினி கைவசம் இருக்கும்போதே வெறும் உரையாக எடுத்துவிடுங்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய இன்டிசைன் அக்கோப்புகளைத் திறக்காது.

இவ்வளவையும் முடித்த பின், எந்த இயங்குதளத்துக்கு மாறுவது என்பது உங்கள் வசதியையும் பணப்பையையும் பொறுத்தது.