மாமாவின் மண்டபமும் 'எத்தனை டன்' கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை காலை. மலை மந்திர் போய்விட்டு வந்து இட்லித் தட்டோடு உட்கார்ந்தால் போன். திருச்சியிலிருந்து சின்ன மாமா.

"மாப்ள, மண்டபத்தை ஏசி பண்ணிடலாம்னு இருக்கேன். ஏசி இல்லேன்னா பொண்ணு வீட்டுக்காரங்க வாசலோட திரும்பிடறாங்க. எத்தனை டன் போடணும்? சட்டுனு சொல்லு."

டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலை, பெரிய பெரிய கட்டிடங்களுக்கு ஏசி வடிவமைப்பது. டாக்டரைப் பார்த்தால் எல்லாரும் தலைவலிக்கு மாத்திரை கேட்பது மாதிரி, என்னைப் பார்த்தால் எல்லாரும் டன் கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த டன் எதோட டன்னு தெரியாது. அது ஐஸோட டன். ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் ஏசி. மூன்றரை கிலோவாட். ஐஸ் வண்டி காலத்துக் கணக்கு, இன்னும் நம்மை விடவில்லை.

மாமா மண்டபத்தில் 600 நாற்காலி. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் சுமார் 100 வாட் பல்பு மாதிரி சூடு விடுகிறான். முகூர்த்த நேரத்தில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோவாட். ஆட்களுக்கு மட்டுமே 28 டன்னுக்கு மேல் போச்சு. அப்புறம் கூரை வெயில், வீடியோக்காரர் லைட், ஹோமம் (அதுக்கு என்ன வாட் போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை :-)). இதெல்லாம் கூட சுலபம். கஷ்டம் வெளிக்காற்றில்தான் ஆரம்பிக்கிறது.

ஆயிரம் பேரைப் பூட்டிய அறையில் வைத்துக் குளிர்ந்த காற்றையே சுற்றிச் சுற்றி விட்டால், அரை மணியில் கொட்டாவி, ஒரு மணியில் தலைவலி. புதுக் காற்று வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்ரே சங்கத்துக் கணக்குப்படி விளையாட்டு அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிஷத்துக்கு ஏழரை கன அடி, அதாவது 200 லிட்டருக்கு மேல். போதாததுக்குத் தரையின் பரப்புக்குத் தனிக்கணக்கு. டெல்லியில் ஜூன் மாசம் 43, 44 டிகிரியில் நிற்கும் காற்றை உள்ளே இழுத்து 24க்குக் கொண்டுவரணும். அதைவிட மோசம் ஜூலை, ஆகஸ்ட். சூடு குறைந்திருக்கும், ஆனால் காற்று ஈரத்துணி மாதிரி இருக்கும். அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கத்தான் மெஷின் திணறும். குளிர்காலத்தில் வேறு கதை. காற்று தானாகவே குளிர்ந்திருக்கும், ஆனால் உள்ளே விடுகிற லட்சணத்தில் இருக்காது. ஃபில்டர்கள் மாசம் திரும்புவதற்குள் கரி பிடித்துவிடும். 2026 ஜனவரியில் இங்கே இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் நடந்த இந்தியா ஓப்பன் பேட்மிண்டனுக்கு, டெல்லிக் காற்று சரியில்லை என்று சொல்லி டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சன் வரவேயில்லை. அதுக்கு 5,000 டாலர் அபராதமும் கட்டினார்.

அந்த ஸ்டேடியம் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. பேட்மிண்டன் அரங்கத்துக்கு ஏசி போடுவது மாதிரி ஒரு தலைவேதனை இந்தத் தொழிலில் கிடையாது. பந்தின் எடை ஐந்து கிராம் சொச்சம். காற்று நொடிக்கு 0.2 மீட்டருக்கு மேல் நகர்ந்தாலே பந்து வழி மாறும். கேலரியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேர்க்கக்கூடாது, பத்தடி தள்ளி ஆடுபவனுக்குக் காற்றே அசையக்கூடாது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், காற்று தங்களுக்கு எதிராகவே வீசுகிறது என்று ஜப்பான் அணி புகார் சொன்னது. ஏசியை வைத்து யாரும் எந்த விளையாட்டும் காட்டவில்லை என்று போட்டி நடத்தியவர்கள் மறுத்தார்கள். அதைப் படித்தபோது என் அனுதாபம் இரண்டு அணிக்கும் இல்லை, அந்த ஏசி ஆபரேட்டருக்குத்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு போனார். ஹால் முதல் மாடியில். ஜன்னல் பதினாலையும் பிளைவுட் அடித்து மூடிவிடுவாராம், குளிர் வெளியே போகாதாம். பின்பக்கக் கதவை அடைத்து அங்கே மெஷின் ரூம். ரிட்டர்ன் காற்றுக்குத் தனியாக டக்ட் வேண்டாம், மாடிப்படி வழியாகவே இழுத்துக்கலாம், லட்சக்கணக்கில் மிச்சம் என்று கான்டிராக்டர் சொன்னாராம்.

"மாமா, அந்தப் படிக்கட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஜெனரேட்டர். ஏன்?"

எனக்கு இட்லி இறங்கவில்லை.

நான் ஆபீஸ் போவது கிரீன் பார்க் வழியாக. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் உபஹார் தியேட்டர். 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. 'பார்டர்' படம் ரிலீசான நாள், மதியக் காட்சி. தரைத்தளத்து கார் பார்க்கிங்கை ஒட்டி மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையிலேயே ஒரு தடவை தீப்பிடித்து, அரைகுறையாக ரிப்பேர் பார்த்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மறுபடி பிடித்தது. எண்ணெய் ஒழுகிக் கார்களும் எரிந்தன. தீ பால்கனிக்குப் போகவே இல்லை. புகைதான் போனது. மாடிப்படிக் கூண்டு புகைபோக்கி மாதிரி இழுத்துக் கொடுத்தது, ஏசி திறப்புகள் வழியாகவும் உள்ளே வந்தது. விளக்குகள் அணைந்துவிட்டன. பால்கனியில் அதிக டிக்கெட் விற்பதற்காக ஒரு பக்கத்து வழியை நாற்காலி போட்டு அடைத்திருந்தார்கள். 59 பேர். மூச்சு முட்டித்தான் செத்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் அன்று பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். கட்டிடம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. 2022 மே மாசம் உள்ளே மிச்சமிருந்த பழைய நாற்காலிகளில் மறுபடி ஒரு தீ. நல்லவேளை, உள்ளே யாருமில்லை.

பக்கத்தில் ஸ்மிருதி உபவன் என்று ஒரு சின்னப் பூங்கா. கல்லில் பெயர்களும் பிறந்த தேதிகளும். டெல்லி வந்த புதிதில் ஒரு நாள் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். ஒரு மாசக் குழந்தையின் பெயரும் அதில் இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதை மாமாவிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். டெல்லியை ஒட்டிய ஒரு ஊரில் ஒரு கலையரங்கம். டக்ட் சுவரைத் தாண்டும் இடத்திலெல்லாம் ஃபயர் டாம்பர் போட்டு வரைந்திருந்தேன். அது ஒரு இரும்புக் கதவு. மலிவான ரகத்தில் ஒரு உலோகக்கலவை இணைப்பு இருக்கும், சுமார் 70 டிகிரி சூட்டில் உருகினால் கதவு விழும். ஆனால் புகை அவ்வளவு சூடாக வரணும்னு கட்டாயம் இல்லையே? அதனால் புகை உணர்ந்ததும் மூடுகிற மோட்டார் ரகம் எழுதியிருந்தேன். செலவு குறைக்கிறோம் என்று ஒரு மீட்டிங். சிவப்புப் பேனா. முதலில் வெட்டுப்பட்டது அதுதான். பாதி எண்ணிக்கை, அதுவும் உருகுகிற ரகம். கூட்டத்தில் நான்தான் சின்னவன். "ஓகே சார்" என்று திருத்தின டிராயிங்கைக் கொடுத்தேன். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அந்த அரங்கம் நன்றாகத்தான் ஓடுகிறது. பையன் பள்ளி ஆண்டு விழாவை ஒரு தடவை அங்கே வைத்தார்கள். ஜுரம் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டேன். அவனுக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை, மரமாக நடிக்கவேண்டியவன்.

போனில் மாமாவுக்குச் சொன்னது இவ்வளவுதான். மாடிப்படி வழியாகக் காற்று இழுக்கக்கூடாதுன்னு தேசியக் கட்டிட விதியிலேயே இருக்கு. ஆள் தப்பிக்கிற வழி ஏசிக்கு வழி இல்லை. ஜெனரேட்டரை வெளியே எடுங்க. புகை வந்தா ஏசி ஃபேன் தானா நிக்கணும், அதுக்கு வயர் இழுக்கணும். பின்கதவை அடைக்காதீங்க.

"ஏண்டா, நல்ல காரியம் பேசறப்ப தீ, புகைன்னு..."

"மாமா, ஸ்ரீரங்கம் மண்டபம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 2004 ஜனவரி 23. மாடியில் கீற்றுப் பந்தல், கல்யாண நேரத்தில் தீ. மாப்பிள்ளையோடு சேர்ந்து ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். திருச்சிக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். கான்டிராக்டரை மாற்றியாச்சாம். பின்கதவு இருக்கும், ஜன்னலில் ஆறைத் திறக்கிற மாதிரியே விடுகிறாராம், ஜெனரேட்டருக்குத் தோட்டத்துப் பக்கம் ஷெட் போடுகிறாராம். அத்தை வேறு பின்னாலிருந்து "கேட்டதை எல்லாம் செஞ்சாச்சுன்னு சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள்.

"எல்லாம் சரி மாப்ள. எத்தனை டன்னுன்னு மட்டும் நீ இன்னும் சொல்லவே இல்லியே?"