வேகம் குறையும் இடம்

புதிதாகப் பாட்மிண்டன் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்மாஷ்தான் வேண்டும். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து 2023-இல் கின்னஸில் இடம்பிடித்ததைப் போனில் காட்டி, “மாஸ்டர், இத எப்ப சொல்லித் தருவீங்க?” என்பார்கள். அந்த 565, ஷட்டில் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்தின் கணக்கு. எதிராளியிடம் போய்ச் சேருமுன் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும்.

ஆட்டமே அதில்தான் இருக்கிறது. ஒரு தக்கை, அதில் செருகிய 16 இறகுகள், எல்லாம் சேர்த்துச் சுமார் ஐந்து கிராம். ஓங்கிக் கிளியர் அடித்தாலும் கடைசியில் களைத்துப்போய் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக விழும். ஆகவே சரியான இடத்தில் நிற்பவருக்கு எதையும் எடுக்க நேரம் கிடைத்துவிடுகிறது. அவரை அங்கே நிற்கவிடாமல் செய்வதுதான் நம் வேலை. பின்கோட்டுக்கு ஒரு கிளியர், நெட்டோரம் ஒரு டிராப், மறுபடி பின்னால். ஸ்மாஷ் அதற்குப் பிறகு.

அதனால் முதலில் கால். எதிராளி அடிக்கும் நொடியில் சின்னதாக ஒரு குதிப்பு. பாதம் தரையில் படும்போதே எந்தப் பக்கம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். நெட்டுக்குப் பாயும்போது ராக்கெட் பிடித்த கைப்பக்கத்துக் கால், குதிகால் முதலில் பட, முன்னே பதிய வேண்டும். உடனே நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஷட்டிலே இல்லாமல் இதைச் செய்யவைத்தால் சில பெற்றோருக்குக் கோபம் வரும்; ஃபீஸ் கட்டியது வெறுமனே ஓடவா என்பார்கள். அடுத்தது கிரிப். தளர்வாகப் பிடித்து, அடிக்கும்போது மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். எப்போதும் இறுக்கிப் பிடிப்பவனுக்கு டிராப் வரவே வராது.

காற்றோடு எங்களுக்குத் தீராத வழக்கு. ஃபேன் போட்டால் ஷட்டில் தடம் மாறும். எனவே மே மாதத்திலும் புழுங்கிக்கொண்டுதான் ஆடுகிறோம். வெயில் ஏறினால் காற்று லேசாகி ஷட்டில் கூடுதல் தூரம் போகும் என்பதால் வேக எண் 77 உள்ள ஷட்டிலுக்குப் பதில் மெதுவான 76 வாங்குவோம். ஷட்டிலின் வேகத்தைச் சோதிக்க விதியிலேயே வழி உண்டு: பின்கோட்டிலிருந்து கீழ்க்கையாக முழுவீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும்.

1870-களில் பூனாவில் ஆங்கிலேய அதிகாரிகள் இந்த ஆட்டத்தைத் திறந்தவெளியில்தான் ஆடினார்கள். பெயர் வந்தது இங்கிலாந்தின் பாட்மிண்டன் மாளிகையிலிருந்து. காற்றில் இறகு நிற்காததால் கம்பளி நூல் பந்தை வைத்து ஆடியதும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த பூப்பந்தாட்டம் அந்த வகை. இறகுப் பந்தில், 1899-இல் தொடங்கிய ஆல் இங்கிலாந்து போட்டியின் பட்டத்தை 1980-இல் பிரகாஷ் படுகோனே வென்றார். அவர் ஆட்டத்தில் பலத்தைவிட ஏமாற்று அதிகம். எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான்.

அவர் காலத்தில் சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே பாயின்ட், கேம் 15-க்கு. 2006 முதல் ஒவ்வொரு ராலிக்கும் பாயின்ட். 21 எடுக்க வேண்டும், 20-20 ஆனால் இரண்டு வித்தியாசம் வேண்டும், 29-29 ஆனால் அடுத்த பாயின்ட்டில் முடிந்துவிடும். பழைய முறையில் பின்தங்கியவர் மெல்ல மீண்டுவர இடமிருந்தது. இப்போது முதல் ஐந்து நிமிட அசட்டையிலேயே கேம் போய்விடும். டபுள்ஸில் யார் எந்தப் பக்கம் என்று சண்டை வந்தால் சர்வீஸ் போடுபவரின் ஸ்கோரைப் பாருங்கள்: இரட்டைப்படை என்றால் வலது, ஒற்றைப்படை என்றால் இடது. சர்வீஸில் ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை உள்ளூர் ஆட்டத்தில் யாரும் அளப்பதில்லை.

கால் கொஞ்சம் பழகியதும் பையன்களை, விடியற்காலையில் டபுள்ஸ் ஆட வரும் ரிட்டயர்டு பெரியவர்களிடம் அனுப்புவேன். அவர்கள் நெட்டின் நடுப்பக்கம் பார்த்துத் தட்டிவிடுவார்கள்; கம்பத்தோரம் 1.55 மீட்டர் உயரமுள்ள நெட் நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பையன் பின்கோட்டிலிருந்து ஓடிவருவதற்குள் ஷட்டில் தரையில் கிடக்கும். ஸ்மாஷே இல்லாததால் அவர்களுக்கு ஒரு டியூப் ஷட்டில் வாரக்கணக்கில் வருகிறது.